பிள்ளையின் முதுகில் அல்ல, வண்டியின் விலாவில்

சந்திப்பிழையும் கட்டுரைப் பயிற்சியும் எழுதிவந்த இந்தப் பக்கத்தில் இன்று மோட்டார் சைக்கிளின் பக்கப்பைகளைப் பற்றி எழுதப்போகிறேன். ஆசிரியருக்கு இது வேண்டாத வேலை என்று எண்ணுவோர் காலை ஏழு மணிக்குக் கிள்ளானில் எந்தத் தமிழ்ப்பள்ளி வாசலிலாவது வந்து நின்று பாருங்கள். பிள்ளைகளில் எத்தனை பேர் மோட்டாரில் வந்து இறங்குகிறார்கள் என்பது தெரியும். பள்ளிக்கு வரும் அதே வண்டிதான் விடுமுறை நாளில் பேராக்குக்கும் கெடாவுக்கும் போகிறது.

சென்ற தீபாவளி விடுமுறைக்கு முந்திய நாள், நான்காம் ஆண்டு மாணவன் ஒருவனின் தந்தை என்னிடம் வந்தார். துறைமுகப் பகுதியில் வேலை செய்பவர். வண்டி 110 சிசி காப்சாய். "சார், நாளைக்கு விடியற்காலையில் சுங்கைப் பட்டாணிக்குக் கிளம்புகிறோம். மனைவியும் கைக்குழந்தையும் பேருந்து. நானும் பையனும் மோட்டார். நீங்கள் வடக்கே அடிக்கடி மோட்டாரில் போவீர்களாமே, சாமான்களை எப்படிக் கட்டுவது?" என்று கேட்டார். அவர் போட்டிருந்த திட்டம் இதுதான்: பெரிய துணிப்பை அவருடைய இரு முழங்கால்களுக்கும் நடுவில், பிரிக்பீல்ட்ஸில் வாங்கிய பலகாரமும் புடவைகளும் பின்கேரியரில் ரப்பர்க் கயிற்றுக்கு அடியில், பையனின் பள்ளிப்பை பையனின் முதுகில்.

"பள்ளிப்பை எதற்கு?" என்றேன்.

"விடுமுறைப் பாடம் இருக்கிறதாம் சார்."

அந்தப் பாடத்தைக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். பையைத் தூக்கிப் பார்த்தேன். ஆறு பயிற்சிப் புத்தகங்கள், அகராதி ஒன்று, தண்ணீர்ப் புட்டி. பத்து வயதுப் பிள்ளை ஏறத்தாழ 370 கிலோமீட்டர் இதைச் சுமந்துகொண்டு, ஓடும் வண்டியில் பிடிமானத்துடன் உட்கார்ந்திருக்க வேண்டும்!

இதைத்தான் நான் குற்றமாகக் கருதுகிறேன். பின்னிருக்கையில் இருப்பவரின் முதுகில் தொங்கும் பை, வண்டி வேகமெடுக்கும்போதெல்லாம் அவரைப் பின்னால் இழுக்கிறது. பிள்ளை கண்ணயர்ந்தால் (நெடும்பயணத்தில் கண்ணயராத பிள்ளை உண்டோ?) கைகள் தளரும், பை தளராது. முதுகில் உள்ள எடை உயரத்தில் இருப்பதால், பிள்ளை ஒரு பக்கம் சாய்ந்தால் வண்டியும் அப்பக்கம் சாய முற்படும். ஓட்டுகிற தந்தைக்கு இது கைப்பிடியில் சிறு ஆட்டமாகத் தெரியும். அவர் காற்றென்று நினைத்துக்கொள்வார்.

நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். தலைக்கவசம் 1973-இல் கட்டாயமானது. 1992 முதல் பகலிலும் முகப்பு விளக்கை எரியவிடுகிறோம். இவ்விரண்டும் இன்று யாரும் சொல்லாமலே கைவருகின்றன. சுமையைக் கட்டும் முறை மட்டும் அவரவர் போக்கில் கிடக்கிறது. புகைக்குழாயை மாற்ற நூற்றுக்கணக்கில் வெள்ளியைச் செலவழிப்பவர், நல்ல பக்கப்பை வாங்கச் சொன்னால் "எதற்கு வீண்செலவு, கயிறு இருக்கிறதே" என்கிறார்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2008-ஆம் ஆண்டு. பணியில் சேர்ந்த புதிது, சொந்த ஊர் கெடா, வேலை கிள்ளானில். மாத இறுதியில் மோட்டாரிலேயே ஊருக்குப் போவேன். மலிவாகக் கிடைத்த நைலான் பை இரண்டை இருக்கையின் மேல் போட்டு, வலப்புறப் பையில் மாணவரின் பயிற்சிப் புத்தகங்களைத் திணித்தேன். காப்சாயின் புகைக்குழாய் வலப்புறத்தில்தான் இருக்கிறது என்பதை அறியாதவனல்லன். வீட்டு வாசலில் பார்த்தபோது பைக்கும் குழாய்க்கும் ஒரு சாண் இடைவெளி இருந்தது. நான் ஏறி அமர்ந்ததும் பின்பக்கம் தாழ்ந்ததையும், ஓட ஓடப் பட்டை நெகிழ்ந்ததையும் கணக்கில் கொள்ளவில்லை. தாப்பா ஓய்வுத்தளத்தில் நிறுத்தியபோது பையின் அடி உருகிக் குழாயில் ஒட்டியிருந்தது. ஒன்பது புத்தகங்களின் விளிம்பு கருகிவிட்டது. திங்கட்கிழமை ஒரு மாணவி தன் புத்தகத்தை முகர்ந்து பார்த்து, "சார், உங்கள் வீட்டில் தீப்பிடித்ததா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். இன்னும் சற்று நேரம் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

ஆகவே பையைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் வண்டியைப் பாருங்கள். சாமான்களை அப்புறம் பார்க்கலாம். பக்கப்பைகளில் இரு வகை உண்டு. சட்டத்தில் திருகிப் பூட்டும் கெட்டியான பெட்டி ஒன்று. கித்தான், நைலான், தார்ப்பாய்த் துணி போன்றவற்றால் தைத்த மென்பை மற்றொன்று. பெட்டி என்றாலே நம்மவர் வாயில் வரும் பெயர் கிவி. ஜூசெப்பே விசென்சி என்ற இத்தாலியப் பந்தய வீரர் 1978-இல் தொடங்கிய நிறுவனம் அது. பெட்டி மழைக்கு அசையாது, பூட்டும் உண்டு. ஆனால் பெட்டியும் அதைத் தாங்கும் இரும்புச் சட்டமும் சேர்ந்து, ஒரு துணிகூட வைக்காத நிலையிலேயே பல கிலோ ஆகிவிடும். 250 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்கு அது சரி. காப்சாய்க்கு நான் மென்பையையே பரிந்துரைப்பேன். விழுந்தால் காலை நசுக்காது, எடை குறைவு, வேண்டாதபோது சுருட்டி அலமாரியில் வைத்துவிடலாம்.

பின்னால் உயரத்தில் பூட்டும் ஒற்றைப் பெட்டியை நம்பிச் சுமையெல்லாம் அதில் ஏற்றுவோரும் பலர். அதன் உள்ளே ஒட்டியிருக்கும் சிறு தாளைப் படியுங்கள். சிறிய பெட்டிகளில் 3 கிலோ வரைதான் என்று போட்டிருக்கும். பின்சக்கரத்துக்கும் பின்னால், உயரத்தில் ஏற்றும் எடை, நெம்புகோல்போல் முன்சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும். முன்சக்கரம் இலேசானால் வேகத்தில் வண்டி நெளியும். மெனோரா சுரங்கப்பாதையைத் தாண்டிக் கோலகங்சார் பக்கம் இறங்கும் சரிவில், லாரி ஒன்று காற்றை வீசிக் கடக்கும்போது அந்த நெளிவை உணர்ந்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

பையின் அகலத்துக்கு என் அளவுகோல் கைப்பிடி. இரு பைகளும் சேர்ந்து அதைவிட அகலமாகப் புடைத்திருக்கக் கூடாது. ஓட்டுபவர் முன்னால் பார்த்துக் கணக்கிடும் இடைவெளியில் கைப்பிடி நுழைந்துவிடும். பின்னால் வரும் பை நுழையாது. கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் தடத்தில், குறுகிய வளைவிலும் சுரங்கவழியிலும், இதை நித்தமும் காணலாம்.

கடைக்காரர் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். காப்சாய்க்குப் பெட்ரோல் ஊற்றும் வாய் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. தொட்டியோ சிறியது; கிள்ளானிலிருந்து ஈப்போ சேர்வதற்குள் ஒரு முறையாவது ஊற்ற வேண்டியிருக்கும். இருக்கையின் மேல் குறுக்கே பட்டை போட்டுக் கட்டினால், ஒவ்வொரு நிலையத்திலும் எல்லாவற்றையும் அவிழ்த்துக் கட்ட வேண்டும். இரண்டாம் முறை அவசரத்தில் கட்டுவது ஒருபோதும் முதல்முறை கட்டியதுபோல் இராது. பட்டை இருக்கைக்கு அடியிலோ கேரியரின் மேலோ சென்று, இருக்கை தடையின்றித் திறக்கும்படி அமைந்த பையையே வாங்குங்கள். வாங்குமுன் கடை வாசலிலேயே வண்டியில் மாட்டி, பிள்ளையைப் பின்னால் ஏற்றிப் பாருங்கள். பிள்ளையின் பாதம் கால்தாங்கியில் முழுமையாகப் பதிகிறதா? பை காலை வெளியே தள்ளுகிறதா? சமிக்ஞை விளக்கு மறைகிறதா? மூவர் ஏறிய பாரத்தில் தாழ்ந்த பிறகும் புகைக்குழாய்க்கும் பைக்கும் இடையே கை நுழைகிறதா? கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். (மூவர் என்றேன், அப்பா, பிள்ளை, சாமான் என்று எண்ணிக்கொள்க. ஒரு வண்டியில் உண்மையாகவே மூவர் போவதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.)

இனி அடுக்கும் முறை. நம் முன்னோர் மாட்டின் முதுகில் பொதி ஏற்றியபோது இருபுறமும் ஒரே எடையாகப் பார்த்துத்தான் ஏற்றினார்கள். காவடியும் அடிப்படையில் அதுதானே. இருபுறமும் ஒத்த சுமை, நடுவில் தோள். ஆண்டுதோறும் பத்துமலையில் காவடி பார்க்கும் நமக்கு இதை இயற்பியல் ஆசிரியர் வந்து விளக்க வேண்டியதில்லை. வீட்டுத் தராசில் இரு பைகளையும் நிறுத்துப் பாருங்கள். கனமானவை அடியில், வண்டியின் உடலை ஒட்டி இருக்கட்டும், துணிமணி மேலே. எல்லாவற்றையும் நெகிழிப் பையில் சுற்றிய பிறகே உள்ளே வையுங்கள். 'மழை நுழையாது' என்று எழுதிய பையிலும் மாலை மழை நுழையும். ஊறுகாய்ப் புட்டியை மட்டும் தயவுசெய்து மோட்டாரில் ஏற்றாதீர்கள். என் வெள்ளைச் சட்டை ஒன்று இன்றும் மாங்காய் ஊறுகாய் நிறத்தில் இருக்கிறது.

கொக்கி வைத்த ரப்பர்க் கயிற்றை நான் நம்புவதில்லை. கழன்றால் சங்கிலியிலோ சக்கரத்திலோ சிக்கும். அவிழ்க்கும்போது துள்ளினால் கண்ணைப் பதம் பார்க்கும். கொளுவி இறுக்கும் பட்டையே நன்று. மிஞ்சும் நுனியை மடித்துக் கட்டிவிடுங்கள். புறப்பட்டு 15, 20 கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி எல்லாவற்றையும் இழுத்துப் பாருங்கள். பின்சக்கரக் காற்று, சங்கிலித் தொய்வு ஆகியவற்றை ஏற்றிய சுமைக்கு ஏற்றபடி முந்திய நாளே சரிபார்த்துவிடுங்கள். எவ்வளவு காற்று, எவ்வளவு எடை என்பதெல்லாம் வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கிறது.

"சிறிய வண்டியில் நெடும்பயணமே தவறு" என்று சக ஆசிரியர் ஒருவர் வாதிட்டார். நான் உடன்படவில்லை. ஈப்போ ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்த அனிதா யூசோப், 2015-இல் 150 சிசி யமஹா வண்டியில் தனியாகப் புறப்பட்டு உலகைச் சுற்றி 2016-இல் திரும்பினார். நம் துறையைச் சேர்ந்தவர் என்பதில் எனக்குச் சற்றுப் பெருமையும் உண்டு. வண்டி சிறியதென்பது தடையன்று. எதை ஏற்றுகிறோம், எங்கே ஏற்றுகிறோம் என்பதே கேள்வி. பெருநாள் காலத்தில் பேருந்துச் சீட்டு கிடைப்பதே அரிது. மோட்டாருக்கோ வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் கட்டணம் இல்லை. ஊரில் சுற்றவும் வண்டி வேண்டும். இந்நிலையில் உள்ள குடும்பத்திடம் "கார் வாங்குங்கள்" என்று சொல்ல எனக்கு நா எழாது.

எனினும் அந்தத் தந்தையிடம் ஒன்றைக் கேட்டேன். "மனைவி செல்லும் பேருந்தின் அடியில் சாமான் வைக்க இடம் இருக்கிறதல்லவா? பையனைப் பேருந்தில் அனுப்பிவிட்டு நீங்கள் மட்டும் சாமானோடு போகலாமே?" இன்னொரு சீட்டு கிடைக்கவில்லை என்றார். அப்படியானால் சாமானாவது பேருந்தில் போகட்டும் என்றேன். பாரத்தை மோட்டாரிலும் வெறுங்கையைப் பேருந்திலும் அனுப்புவது நம் குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. சற்று யோசித்து ஒப்புக்கொண்டார். பெரிய துணிப்பையும் பலகாரமும் பேருந்துக்குப் போயின. என்னுடைய பழைய கித்தான் பைகளை அவர் வண்டியில் மாட்டி, ஒரு புறம் மழைச்சட்டைகளும் மாற்றுடையும், மறுபுறம் தண்ணீரும் கருவிகளும் வைத்தோம். பையனின் முதுகு காலியாயிற்று. மணிக்கு ஒருமுறை நிறுத்த வேண்டும், பையன் தூங்கி வழிந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும் என்று பேசிக்கொண்டோம்.

ஆசிரிய நண்பர்களிடமும் ஒரு வேண்டுகோள். விடுமுறைக்கு ஆறு புத்தகங்கள் வேண்டாமே. நான்கு தாள்களை ஊசியடித்துக் கொடுத்தாலே போதும். நான் அவ்வாறே செய்ய முடிவெடுத்திருக்கிறேன்.

பள்ளி திறந்த அன்று அந்தப் பையன் பாடம் எதையும் எழுதாமல் வந்து நின்றான். காரணம் கேட்டேன்.

"சார், நீங்கள்தானே பையைப் பேருந்தில் போடச் சொன்னீர்கள். அது தாத்தா வீட்டு மூலையில் வைத்தது வைத்தபடியே இருந்தது."

அன்று அவனைக் கண்டிக்க எனக்கு வாய் வரவில்லை.