கொடியும் கோட்டாவும்

2021 ஜனவரியில் சீனாவின் ஷிஜியாஜுவாங் நகரில் நடந்த நீச்சல் போட்டியில், 23 பேரின் சிறுநீரில் டிரைமெட்டாசிடின் என்ற இதய நோய் மருந்து இருந்தது. தங்கியிருந்த ஓட்டலின் சமையலறையிலிருந்து அது கலந்துவிட்டது என்று சீனத் தரப்பு விளக்கம் சொன்னது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை, தமிழ்க் காதில் ‘வாடா’ என்று விழுகிற அந்த அமைப்பு, விளக்கத்தை ஏற்றுக்கொண்டு வாய் திறக்காமல் இருந்துவிட்டது. அந்த 23 பேரில் சிலர் அதே ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் பதக்கமும் வென்றார்கள். 2024 ஏப்ரலில் ஓர் அமெரிக்க நாளிதழும் ஜெர்மன் தொலைக்காட்சி ஒன்றும் விஷயத்தைப் போட்டு உடைத்தன. அதற்குப் பிறகு பேச்சு நீச்சலைப் பற்றியதாக இல்லை, இரண்டு வல்லரசுகளைப் பற்றியதாகிவிட்டது. அமெரிக்கா வாடாவுக்குத் தர வேண்டிய 36 லட்சம் டாலரை நிறுத்தி வைத்தது. மருந்து எடுத்த வீரர்களை உளவு சொல்வதற்காக ஓடவிட்ட நாடு அமெரிக்கா என்று வாடா திருப்பியடித்தது. சமையலறைக்குள் மருந்து எப்படி வந்தது என்ற கேள்வி இந்தக் கூச்சலில் எங்கோ போய்விட்டது.

கொடியின் நிறம் பார்த்துச் சந்தேகப்படும் இந்தப் பழக்கம் நமக்கும் உண்டு. 2011-இல் தேசியத் தொடர் ஓட்ட அணியின் பெண்கள் வரிசையாகச் சோதனையில் சிக்கினார்கள். 2010 ஆசிய விளையாட்டில் 4x400 மீட்டரில் தங்கம் வென்றவர்களும் அவர்களில் இருந்தார்கள். உடனே பழி போய் விழுந்த இடங்கள் இரண்டு: உக்ரைனிலிருந்து வந்த பயிற்சியாளர் யூரி ஓகோரோட்னிக், சீனாவில் வாங்கிய ஜின்செங் மாத்திரை. பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பினார்கள். குற்றம் நாட்டு எல்லையைத் தாண்டிப் போய்விட்டதுபோல ஒரு நிம்மதி. அதற்குச் சற்று முன்புதான் பளு தூக்கும் சம்மேளனம், அடுத்தடுத்து வீரர்கள் மாட்டியதற்காக 5 லட்சம் டாலர் அபராதம் கட்டி, 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் கலந்துகொள்ளும் உரிமையை மீட்டிருந்தது. போட்டி நம் மண்ணில் நடக்கும்போது நம் கொடி மேடையில் இல்லாமல் போகக் கூடாது என்பது அன்றைய கவலை. யார் மருந்து கொடுத்தது, ஏன் எடுத்தார்கள் என்பதெல்லாம் பின்னுக்குப் போனது.

என் வாதம் இதுதான். இந்தியாவில் ஊக்கமருந்து பெரும்பாலும் கொடிக்காக எடுக்கப்படுவதில்லை. ஒரு வேலைக்காக எடுக்கப்படுகிறது. நாடுகளுக்கிடையிலான பகை என்ற கண்ணாடி வழியாக மட்டுமே பார்ப்பதால் நம் வீட்டுத் திண்ணையில் நடப்பது நமக்குத் தெரியவில்லை.

முதல் சாட்சி, பிடிபடும் மருந்துகளே. நம் வீரர்களிடம் திரும்பத் திரும்பக் கிடைப்பவை நான்ட்ரோலோன், ஸ்டனோசோலோல், மெட்டான்டியனோன். மூன்றும் அரதப் பழசு. மெட்டான்டியனோன் 1950-களின் சரக்கு. கனடா ஓட்டக்காரர் பென் ஜான்சன் 1988 சியோல் ஒலிம்பிக்கில் மாட்டியது ஸ்டனோசோலோலால். இவற்றின் தடயம் உடலில் நீண்ட நாள் தங்கும், இன்றைய ஆய்வகக் கருவிகளுக்கு இவற்றைக் கண்டுபிடிப்பது பெரிய வேலையே இல்லை. அரசே முன்னின்று வீரர்களுக்கு மருந்து ஏற்றினால் இப்படி இருக்காது. 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கில் ரஷ்யர்கள் ஆய்வகச் சுவரில் துளை போட்டு, அழுக்குச் சிறுநீரை வெளியே எடுத்துச் சுத்தமான சிறுநீரை உள்ளே அனுப்பினார்கள். உலகத்தை ஏமாற்றக் கிளம்பியவனின் தயாரிப்பு அது. மெட்டான்டியனோன் போட்டுக்கொண்டு ஓட வருபவருக்கு உலகம் இலக்கே அல்ல. சோதனைக்கு யாரும் வர மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் உள்ளூர் ஓட்டத்துக்கு வருபவரின் மருந்து அது.

வந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை 2023 செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டி காட்டியது. தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் (அதன் சுருக்கப் பெயர் ‘நாடா’, இந்த இரு அமைப்புகளுக்கும் பெயர் வைத்தவர்களுக்குத் தமிழ் தெரியாது) அதிகாரிகள் மைதானத்துக்குள் நுழைந்த செய்தி பரவியதும் ஓடுகளம் காலியானது. ஆண்கள் 100 மீட்டர் இறுதிப் போட்டிக்கு வந்து நின்றவர் ஒரே ஒருவர். தடைதாண்டும் நெடு ஓட்டத்தில் ஓடிய ஒரு பெண், முடிவுக்கோட்டைத் தாண்டிய பிறகும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்க, அதிகாரி அவரைத் துரத்த வேண்டியிருந்தது. கழிப்பறையில் பயன்படுத்திய ஊசிகள் கிடந்தன. அது ஒரு மாநிலப் போட்டி. சீனாவும் இல்லை, அமெரிக்காவும் இல்லை, தேசிய கீதமும் இல்லை. அப்படியானால் எதற்காக அந்த ஊசிகள்?

பதிலைத் தேட ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையுள்ள தெருக்களுக்கு வந்தாலே போதும். குத்துச்சண்டைப் பரம்பரைகள் இருந்த பகுதி வடசென்னை. கால்பந்தும் கேரமும் இங்கே தெருவிலேயே வளர்பவை. பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பும் வீட்டில் ஒலிம்பிக் பேச்சு அரிதாகத்தான் வரும். பேச்சு ‘ஸ்போர்ட்ஸ் கோட்டா’வைப் பற்றியது. ரயில்வே, பெரம்பூர் ஐ.சி.எஃப்., போலீஸ், வருமான வரித்துறை. ஆலைகளும் துறைமுகமும் கண்ணெதிரே இருந்தாலும் நிரந்தர வேலை எட்டாக்கனியாகி, ஒப்பந்தக் கூலியே வழக்கமாகிவிட்ட பகுதியில், ஒரு பதக்கச் சான்றிதழ் என்பது ஓய்வூதியம் வரை நீளும் காகிதம். தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. மத்திய அரசு வேலைக்குப் படிவம் 1 சர்வதேசப் போட்டி, படிவம் 2 தேசியப் போட்டி, படிவம் 3 பல்கலைக்கழகப் போட்டி, படிவம் 4 பள்ளிப் போட்டி என்று தரவரிசையே இருக்கிறது. ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு, ஒரு தலைமுறையின் வறுமைக்கும் மாதச் சம்பளத்துக்கும் நடுவே நிற்கிறது. இந்தப் பகுதிப் பிள்ளைகள் மருந்து எடுக்கிறார்கள் என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்வதற்கு ஆதாரம் இல்லை, சொன்னால் அநியாயம். ஆசை எங்கே பிறக்கிறது என்பதை இங்கே கண்ணால் பார்க்கலாம் என்று மட்டும் சொல்கிறேன்.

திருச்சி முடிகண்டத்தின் ஓட்டக்காரர் கோமதி மாரிமுத்துவை இந்த வாதத்துக்கு எதிராக நிறுத்தலாம். வருமான வரித்துறையில் ஏற்கெனவே வேலையில் இருந்தவர். ஆசியத் தங்கத்துக்காக ஓடியவர். நியாயமான மறுப்பு. அவர் மனதில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது, தடை செய்யப்பட்ட எதையும் எடுக்கவில்லை என்பதே அவர் நிலைப்பாடு. ஆனால் அவர் வழக்கின் தேதிகளைப் பாருங்கள். 2019 ஏப்ரல் 22-இல் தோஹாவில் 800 மீட்டரை 2 நிமிடம் 2.70 நொடியில் முடித்துச் சீனாவின் வாங் சுன்யூவை முந்தினார். தமிழகமே கொண்டாடியது, அரசும் கட்சிகளும் பரிசுப் பணம் அறிவிப்பதில் போட்டி போட்டன. அதற்கு ஒரு மாதத்துக்கு முன், மார்ச் 18-இல், பாட்டியாலாவில் நடந்த ஃபெடரேஷன் கோப்பைப் போட்டியிலேயே அவரிடம் மாதிரி எடுக்கப்பட்டிருந்தது. அதில் நான்ட்ரோலோன் தடயம் இருந்தது. முடிவு உரிய நேரத்தில் வந்திருந்தால் அவர் தோஹாவுக்கு விமானமே ஏறியிருக்க மாட்டார். கொண்டாட்டமும் அவமானமும் இரண்டுமே நேர்ந்திருக்காது. நான்காண்டுத் தடை வந்தபோது முன்பு ‘நம்ம பொண்ணு’ என்றவர்கள் நகர்ந்துகொண்டார்கள். கனடாவிலும் இதே கதைதான்: தங்கம் வென்ற நாளில் கனடாக்காரராக இருந்த பென் ஜான்சன், மாட்டிய பிறகு ஜமைக்காவிலிருந்து குடியேறியவர் ஆகிப்போனார். கொடி வீரரைத் தூக்கும், இறக்கிவிடும். முடிவு ஏன் தாமதமானது என்று அது கேட்காது. அதே 2019 ஆகஸ்டில் டெல்லி ஆய்வகத்தின் அங்கீகாரத்தையே வாடா நிறுத்திவைத்தது. அது திரும்பக் கிடைத்தது 2021 டிசம்பரில். இடையில் நம் மாதிரிகள் போய்ச் சேர்ந்த ஊர்களில் ஒன்று தோஹா.

சோதனை அதிகரித்ததால்தான் பிடிபடுவோர் எண்ணிக்கை அதிகரித்தது என்பது அதிகாரிகள் தரப்பு வாதம். பாதி உண்மை. 2023-இல் இந்தியாவில் 5,606 மாதிரிகளில் 213-இல் தடை மருந்து இருந்தது, 3.8 சதவீதம். 2024-இல் மாதிரிகள் 7,113 ஆனபோது பிடிபட்டவை 260, சதவீதம் 3.6. சோதனை கூடினால் எண்ணிக்கை கூடலாம், சதவீதம் இந்த உயரத்திலேயே நிற்பதற்கு அது விளக்கமாகாது. சீனா 2023-இல் 28,000-க்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்தது, சிக்கியவை 0.2 சதவீதம் அளவுக்கே. ‘அவர்கள் மறைக்கிறார்கள்’ என்று உடனே ஒரு குரல் எழும். மறைக்கலாம், 23 நீச்சல்காரர்கள் விஷயத்தில் பூசி மெழுகியதைப் பார்த்தோமே. ஆனால் சீனா நூறு பேரை மறைத்தாலும் நம் 213-இல் ஒன்றும் குறையப் போவதில்லை.

வறுமையைக் காட்டித் தப்புக்குச் சலுகை கேட்கிறாயா என்ற கேள்விதான் எல்லாவற்றையும்விடக் கனமானது. இல்லை. வேலைக்காக என்று சொல்வதால் குற்றம் குறையவில்லை, கூடுகிறது. ஏனென்றால் அப்போது ஏமாற்றப்பட்டவர் எங்கோ இருக்கும் வெளிநாட்டவர் அல்ல. பக்கத்துத் தடத்தில் அதே வறுமையோடு, பழைய சோறும் கருவாடும் சாப்பிட்டுவிட்டுச் சுத்தமாக ஓடியவர்.

2022-இல் இந்தியா தனிச் சட்டம் கொண்டு வந்தது. சோதனை அமைப்பின்மேல் அரசு நியமிக்கும் வாரியத்துக்கு அதிகாரம் இருந்ததை வாடா ஆட்சேபித்ததால் 2025-இல் அதைத் திருத்தினார்கள். நல்லது. ஆனால் திருத்தத்தின் அவசரம் 2030 காமன்வெல்த் போட்டி, 2036 ஒலிம்பிக் கனவு என்று மறுபடியும் கொடியைச் சுற்றியே இருந்தது. ஒலிம்பிக்குக்குப் போகும் நூற்றுச் சொச்சம் பேரைச் சோதிப்பது எளிது; வெளிநாட்டு அமைப்புகளே அதைச் செய்துவிடுகின்றன. ஓட்டக்காரர் தனலட்சுமி சேகர் 2022-இல் சிக்கியது துருக்கியின் அன்டால்யாவில், சர்வதேசத் தடகள நேர்மைப் பிரிவின் கையில். சோதனை வர வேண்டிய இடம் மாநில, பல்கலைக்கழகப் போட்டிகள். அதைவிட முக்கியமாக, ஸ்போர்ட்ஸ் கோட்டா ஆள்சேர்ப்புத் தேர்வு நடக்கும் மைதானம். நியமன ஆணையில் சோதனை ஒரு நிபந்தனையாக இருக்க வேண்டும். மாட்டினால் பணியிடம் அடுத்து வந்தவருக்குப் போக வேண்டும். ஊசியைக் கையில் கொடுத்த பயிற்சியாளரும் கடைக்காரரும் வீரரோடு சேர்ந்தே விசாரணைக்கு வர வேண்டும்.

அடுத்து வந்தவர் என்பது சாதாரணச் சொல் அல்ல. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீட்டரில் வெண்கலம் பெற்ற இலங்கையின் சுசந்திகா ஜயசிங்கவுக்கு, முதலில் வந்த மரியன் ஜோன்ஸ் மருந்து எடுத்ததை ஒப்புக்கொண்ட பிறகு, 2009-இல் வெள்ளி வந்து சேர்ந்தது. தோஹாவின் தங்கம் வாங் சுன்யூவுக்குப் போனது. மாநிலப் போட்டியில் நான்காவதாக வந்து, சான்றிதழ் கிடைக்காமல், வயது வரம்பும் தாண்டிவிட்ட ஒருவருக்கு, தன்னை முந்தி ஓடியவர் மருந்து எடுத்திருந்தார் என்பதுகூட ஒருநாளும் தெரியவராது. காலை ஷிஃப்டுக்கு அவர் துறைமுகக் கேட்டில் ஒப்பந்தச் சீட்டோடு நிற்கிறார்.