ஏர் பியூரிஃபையர் வாங்கப் போறீங்களா? முதலில் ஹாலை அளந்து பாருங்கள்!

போகிப் புகை, பக்கத்துத் தெருக் கட்டுமானத் தூசி என வீட்டுக்குள்ளேயே மூச்சு முட்டுகிறது. ஆஸ்துமா உள்ள குழந்தையோ பெரியவரோ இருக்கும் வீட்டில் ஏர் பியூரிஃபையர் ஆடம்பரம் அல்ல. ஆனால், விலையை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாந்துபோவோம்.

பெட்டியில் பார்க்க வேண்டியது ‘சிஏடிஆர்’ எண். ஒரு மணி நேரத்தில் எத்தனை கன மீட்டர் சுத்தமான காற்று கிடைக்கும் என்பதை அது சொல்லும். 200 சதுர அடி ஹால், 10 அடி உயரம் என்றால் உள்ளே சுமார் 57 கன மீட்டர் காற்று இருக்கும். அது மணிக்கு 5 முறை சுத்தமாக வேண்டுமானால், சிஏடிஆர் சுமார் 285 தேவை. கதவில்லாமல் ஹாலோடு சேர்ந்த சமையலறை என்றால் அந்த இடத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

“ஹால்லதான் ஏசி இருக்கே, அது போதாதா?” போதாது. ஏசியின் வலை பெரிய தூசியைத்தான் பிடிக்கும். நுரையீரலின் ஆழம் வரை போகும் பிஎம் 2.5 நுண்துகள்களுக்கு ஹெப்பா ஃபில்டர் வேண்டும். ‘ஹெப்பா டைப்’ என்று மட்டும் போட்டிருந்தால் உஷார்! ஓசோன் வெளியிடும் மாடல் வேண்டவே வேண்டாம். ஃபில்டர் மாற்ற எவ்வளவு ஆகும் என்பதையும் வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

ஒரு பக்கம் கொசுவத்தியைக் கொளுத்திவிட்டு, மறுபக்கம் பியூரிஃபையரை ஓடவிட்டால் காசுதான் கரியாகும். முதலில் வீட்டுக்குள் எழும் புகையை நிறுத்துங்கள், மெஷின் அப்புறம்தான்.