நடுக்கம் டயரில் இல்லை ஐயா

ஜீப்பை மூன்று அங்குலம் தூக்கிக் கட்டுவது இப்போது பெருமையாகிவிட்டது. அப்புறம் வண்டி நடுங்கினால் வீல் பேலன்ஸ், அதிலும் நிற்காவிட்டால் புது டயர். வயிற்றுவலிக்குக் கண்ணாடி மாற்றுவது போன்ற வைத்தியம் இது!

ப்ரொப்பல்லர் ஷாஃப்டின் யுனிவர்சல் ஜாயின்ட் சாய்ந்து ஓடினால், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். மறுமுனை ஜாயின்ட்டும் அதே கோணத்தில் இருந்தால்தான் அது சரிக்கட்டப்படும். வண்டியைத் தூக்கினால் சாய்வு கூடுகிறது. பின் அச்சும் திரும்பிவிட்டால் இரு கோணங்களும் ஒத்துப்போகாது. இதற்கு டயர் என்ன செய்யும்?

வெறிச்சோடிய நேர்ச்சாலையில், நடுங்கும் வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றிப் பாருங்கள். நடுக்கம் தொடர்ந்தால் எஞ்சின் குற்றவாளியல்ல. ஆக்சிலரேட்டரை மிதிக்கையில் ஒருமாதிரி, விடுகையில் வேறுமாதிரி நடுங்கினால் ஷாஃப்ட் பக்கம் பாருங்கள். ஜாயின்ட்டில் ஆட்டம் இருக்கிறதா, ஷாஃப்ட் நெளிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கியர்பெட்டி முனை, ஷாஃப்ட், பின் அச்சின் முனை மூன்றிலும் கோணமானி வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

"அதெல்லாம் வேண்டாம் சார், பழகிடும்" என்கிற மெக்கானிக்கிடம் சாவியைத் திருப்பி வாங்கிவிடுங்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது பின் ஷாஃப்ட் கழன்றால் எஞ்சினின் பிடிப்பும் போய்விடும். அதற்குப் பழக முடியாது.