நிற்கும் வண்டிக்கு வெயிற் கஞ்சி

2022ஆம் ஆண்டின் எரிபொருட் பஞ்சத்தில் வாரக்கணக்காய் முற்றத்தில் நின்ற கார்கள் பல, பெற்றோல் கிடைத்த நாளிலே அசைய மறுத்தன. பற்றரி உயிரற்றுப் போயிருந்தது. நள்ளிரவில் நோயாளியை ஏற்றவேண்டிய வேளையிலும் இவ்வாறே நேரலாம்.

நிற்கும் வண்டி சும்மா நிற்பதில்லை. மணிக்கூடும் திருட்டெச்சரிக்கைக் கருவியும் 25 மில்லியம்பியர் அளவில் ஓயாது உறிஞ்சினால், நாளொன்றுக்கு 0.6 அம்பியர்-மணி போய்விடும். மின் குறைந்த நிலையில் நெடுநாட் கிடப்பின் ஈயத் தகடுகளிற் சல்பேற்று இறுகிப் படியும்; பின்னர் எத்துணை மின்னூட்டினும் பழைய வலு முற்றாய்த் திரும்பாது.

இதற்குக் கைம்மருந்தென மலிவாய் விற்கப்படும் 5 உவாற்றுச் சூரியத் தகடொன்றைச் சோதித்தோம். அளவோ ஒரு கொப்பியளவுதான். உச்சி வெயிலிற் பல்மானி 0.27 அம்பியர் காட்டிற்று. கார்க் கண்ணாடியின் உட்புறத்தே வைத்தபோது 0.17. தென்னோலையொன்றின் நிழல் குறுக்கே விழ, அதிலும் பாதிக்குக் கீழாயிற்று. கலங்கள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதே காரணம்.

வெளியே வைத்தால், நல்ல வெயிலிற் பகலொன்றுக்கு ஓர் அம்பியர்-மணி சேரும். உறிஞ்சப்படுவதை ஈடுசெய்ய அது தாராளம். மூன்று வாரம் நின்ற பின்னும் எமது பற்றரி 12.6 உவோற்றுக்குக் குறையவில்லை. ஆயின் வெறுமையான 45 அம்பியர்-மணிப் பற்றரியை இதனால் நிரப்ப எண்ணுவோர் மாதக்கணக்காய்க் காத்திருக்க வேண்டும்!

இரவிலே மின் பின்னோக்கிப் பாயாது தடுக்கும் இருவாயி எமது தகட்டில் இருக்கவில்லை. "அதெல்லாம் வேண்டாம் ஐயா" என்றார் விற்றவர். தனியே வாங்கிப் பொருத்தினோம், விலை அற்பமே. உங்கள் தகட்டில் உண்டோ இல்லையோ என்பதை, இருட்டியபின் பல்மானியை இடையில் இணைத்துப் பார்த்தால் அறியலாம்.