கொருக்குப்பேட்டைக்கு ஒளிவழி இணையம்: ஆதாயம் யாருக்கு?

கொருக்குப்பேட்டையை ரயில் பாதைகளும் பக்கிங்காம் கால்வாயும் துண்டாடியிருக்கின்றன. இங்கு ஓர் இணையக் கம்பியைக் கொண்டுசெல்லத் தெருவுக்கு மாநகராட்சி, தண்டவாளத்துக்கு ரயில்வே, கால்வாய்க்கு நீர்வளத் துறை எனப் பல அனுமதிகள் வேண்டும். கண்ணாடி இழையின் விலையைவிடப் பள்ளம் தோண்டும் செலவும் காத்திருக்கும் காலமுமே பெரிது. பொருளியல் நோக்கில் இதுதான் வடசென்னையின் இணையச் சிக்கல் என்பது என் கருத்து.

தோண்டாமலேயே இதைக் கடக்க ஒரு வழி உண்டு. ஒரு மாடியிலிருந்து எதிர்மாடிக்கு, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு லேசர் கற்றை வழியாகத் தரவை அனுப்பும் தொழில்நுட்பம் அது. ரேடியோ அலைக்கற்றையைப் போல இதற்கு ஏலத்தொகை இல்லை. ஒளியில் குரலை அனுப்பும் கருவியை 1880ஆம் ஆண்டிலேயே கிரகாம் பெல் செய்துகாட்டினார். இன்று கூகுளின் தாய் நிறுவனமான ஆல்பபெட்டில் உருவான ‘டாரா’ திட்டம், காங்கோ நதியின் இரு கரைகளிலுள்ள பிராசவில், கின்ஷாசா நகரங்களை இம்முறையில் இணைத்தது. ஏறத்தாழ 5 கி.மீ. இடைவெளியில், 20 நாள்களில் சுமார் 700 டெராபைட் தரவு கடந்ததாக 2021இல் அத்திட்டத்தினர் தெரிவித்தனர். ஆந்திர அரசு 2017இலேயே இத்தகைய 2,000 இணைப்புகளுக்குத் திட்டமிட்டது. இந்தியாவில் இதை விரிவுபடுத்தப்போவதாக 2023இல் ஏர்டெல்லும் டாராவும் கூறின.

ஆனால், ஒளிக்குப் பனியும் புகையும் பகை. போகி நாளில் விமானங்களையே தாமதப்படுத்தும் புகைமூட்டம் லேசரையும் மங்கச் செய்யும். ஆலைப் புகையும் சாலைத் தூசியும் சூழ்ந்த வடசென்னையில், ஒளிவழி இணைப்பு கம்பிக்கு மாற்றாகாது, துணையாகவே அமையும். குறுகிய தொலைவும், தடைபட்டால் கைகொடுக்க ஒரு ரேடியோ இணைப்பும் அவசியம்.

இதைவிட முக்கியமான கேள்வி, தோண்டாததால் மிச்சமாகும் பணம் யாரைச் சேரும் என்பது. மத்திய அரசின் பாரத்நெட் திட்டம் கிராம ஊராட்சிகளுக்கானது. தனியார் நிறுவனங்களோ, கூடுதல் கட்டணம் செலுத்தக்கூடிய பகுதிகளையே முதலில் நாடுகின்றன. இவ்விரண்டுக்கும் நடுவே விடுபடுபவர்கள் நகர்ப்புற ஏழைகள். போட்டி இல்லாத இடத்தில் செலவு குறைந்தாலும் கட்டணம் தானாகக் குறைந்துவிடாது.

எனவே, மாநகராட்சி தன் கட்டடங்களின் மாடிகளை இத்தகைய கருவிகளுக்கு வழங்கும்போது வாடகையை மட்டும் கணக்கிடக் கூடாது. அப்பகுதியின் மாநகராட்சிப் பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், நூலகம் ஆகியவற்றுக்குக் கட்டணமில்லா இணைப்பு வேண்டும். இணைப்பு தடைபட்ட நேரத்தை மாதந்தோறும் வெளியிட வேண்டும். இவ்விரண்டையும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். காற்றுவெளி பொதுச்சொத்து, அதன் வழியே செல்லும் ஒளியின் பயனில் பொதுமக்களுக்கும் பங்கு உண்டு.