மூலையில ஒரு கையெழுத்து

இன்னைக்கு உங்க அம்மாகிட்ட ஒரு கேள்வி கேளுங்க. "மாருதி தெரியுமாம்மா?" நிச்சயமா காரைப் பத்திப் பேச மாட்டாங்க. பெரிய கண்ணு, வட்ட முகம், தலை நிறைய பூன்னு ஒரு பொண்ணு அவங்க ஞாபகத்துல வருவா. தொடர்கதைப் பக்கத்துல, நாவல் அட்டையில பார்த்த பொண்ணு.

அமெரிக்காவுல 'பின்-அப்'னு ஒரு ஓவிய வகை உண்டு. பத்திரிகை, காலண்டர்ல வர்ற அழகிகள் படத்தைக் கிழிச்சு சுவத்துல குத்தி வெச்சுக்கறது. இரண்டாம் உலகப் போர் சமயத்துல சிப்பாய்கள்கிட்ட செம டிமாண்ட். ஆல்பர்ட்டோ வர்காஸ், கில் எல்வ்கிரென் எல்லாம் அந்த ஏரியாவோட ஸ்டார்கள். நம்ம ஊர்லயும் வாரப் பத்திரிகைப் படங்களைக் கிழிச்சுப் பத்திரப்படுத்தின கூட்டம் உண்டு. சுஜாதா கதைகளுக்கு ஜெயராஜ் வரைஞ்சது துறுதுறு மாடர்ன் பொண்ணு. மாருதி வரைஞ்சது புடவை கட்டின பக்கத்து வீட்டு அக்கா.

அறந்தாங்கிக்காரி எனக்கு இதுல எக்ஸ்ட்ரா பெருமை. மனுஷர் நம்ம புதுக்கோட்டை! 1938-ல பிறந்த அவரோட நிஜப் பேர் ரங்கநாதன். சென்னைக்குப் போய் சினிமா பேனர் வேலை பார்த்தவர், 1959-ல 'குமுதம்' கதைக்குப் படம் போட்டு 'மாருதி' ஆனார். அதுக்கப்புறம் அறுபது வருஷத்துக்கு மேல ஓயாம வரைஞ்சார். 2008-ல 'உளியின் ஓசை' படத்துக்கு உடைகளையும் வடிவமைச்சார். 2023 ஜூலை 27-ல புனேல காலமானார்.

இந்த வேலை ஈஸின்னு நினைக்காதீங்க. கதை கைக்கு வந்ததும் படிக்கணும். எந்தக் காட்சியை வரையறதுன்னு முடிவு பண்ணணும். கெடுவுக்குள்ள கொடுக்கணும். அவர் ஆரம்பிச்ச காலத்துல லெட்டர்பிரஸ் அச்சு. படத்தைப் போட்டோ எடுத்து, துத்தநாகத் தகட்டுல ஆசிட் வெச்சு அரிச்சு 'பிளாக்' செய்வாங்க. வெறும் கோடுன்னா லைன் பிளாக். நிழல், சாயல் வேணும்னா புள்ளி புள்ளியா ஹாஃப்டோன் பிளாக். ரொம்ப மெல்லிசா கோடு போட்டா அச்சுல காணாமப் போயிடும். ஆக, கண் இமை வரையும்போதே மெஷினையும் நினைக்கணும். இன்ஜினீயரிங் மூளை இல்லாம முடியுமா, சொல்லுங்க?

இப்ப என் சண்டைக்கு வர்றேன். அந்தப் பொண்ணுங்க பெரும்பாலும் ஏன் சிவப்பா, ஒரே வட்ட முகமா இருக்காங்க? "மாருதி படம் மாதிரி இருக்கா"ன்னு பொண்ணு பார்க்க வந்தவங்க சொன்னா, அது பாராட்டு. அப்போ என்னை மாதிரி கறுப்பா, ஒல்லியா இருக்கறவ எந்தப் படம் மாதிரி? எங்க ஹாஸ்டல்ல இதைப் பேசினா விடிய விடிய டிபேட் ஓடும். அவரோட கோட்டை ரசிக்கிற அதே ஆளுதான் இதையும் கேக்கறேன்.

கேக்க முடியுதே, அதுதான் விஷயம். படத்தோட மூலையில 'மாருதி'ன்னு கையெழுத்து இருக்கு. பாராட்டணும்னாலும் சண்டை போடணும்னாலும் ஒரு ஆள் இருக்கார். இன்னைக்கு ஏ.ஐ.கிட்ட ஒரு வரி சொன்னா, அதே சிவப்பு, அதே பெரிய கண்ணோட நூறு பொண்ணுங்க வந்து விழறாங்க. மூலையைத் தேடினா பேரே இல்ல. யாரை மெச்சறது, யார்கிட்ட சண்டைக்குப் போறது?

அதனால ஒரு சின்ன வேலை தர்றேன். உங்க கிளாஸ்லயும் கடைசி பெஞ்சுல, நோட்டோட பின்பக்கத்துல யாராச்சும் வரைஞ்சிட்டு இருப்பாங்க. "மச்சி, சூப்பர்"னு சொல்லிட்டுப் போயிடாதீங்க. கீழே கையெழுத்து போடச் சொல்லுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்!