ஏமாந்தவருக்கே குட்டு

எங்கள் ஊர் உடன்குடி பஜாரில் போன வாரம் டீக்கடைப் பேச்சு முழுக்க ஒரே விஷயம்தான். தீபாவளிச் சீட்டுப் பிடித்தவர் ராத்திரியோடு ராத்திரியாக வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார். மாதாமாதம் பணம் கட்டிய பனைத் தொழிலாளி வீட்டுப் பெண் ஒருவர் சீட்டு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டே தெருவில் போனார். பெஞ்சில் இருந்த பெரியவர் சொன்னார்: "பேராசைப்பட்டா இப்படித்தான். ஏமாறுறவன் இருக்குற வரைக்கும் ஏமாத்துறவனும் இருப்பான்."

எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளைகளுக்கு ஒரு பெட்டி இனிப்பு, வீட்டுக்கு ஒரு எவர்சில்வர் குடம். இதற்குப் பெயர் பேராசையா?

பெருந்துறை ஈமுக் கோழி மோசடியை யாரும் மறந்திருக்க முடியாது. எம்.எஸ்.குருவின் சுசி ஈமு ஃபார்ம்ஸ் சொன்ன கணக்கு இதுதான்: ஒன்றரை லட்சம் ரூபாய் கட்டினால் ஆறு குஞ்சு, கொட்டகை, தீவனம், வளர்ப்புக்கு மாதம் 6,000 ரூபாய், வருடத்துக்கு 20,000 ரூபாய் போனஸ். சினிமாக்காரர்கள் டிவியில் வந்து சான்று சொன்னார்கள். ஆரம்பத்தில் சேர்ந்தவர்களுக்குப் பணமும் ஒழுங்காக வந்தது. அந்தப் பறவையின் கறிக்கோ எண்ணெய்க்கோ சொல்லும்படியான சந்தை கிடையாது. அடுத்து வந்து பணம் கட்டுகிறவர்தான் சந்தை. அப்படி வருகிறவர்கள் குறைந்ததும், 2012 ஆகஸ்டில் எல்லாம் சரிந்தது. குருவுக்குக் கோவை நீதிமன்றம் பத்தாண்டுச் சிறை விதித்தது.

ஊர் இன்றைக்கும் யாரைப் பார்த்துச் சிரிக்கிறது? ஈமு வளர்த்த விவசாயியைப் பார்த்து. விடியுமுன் எழுந்து தீவனம் வைத்தாரே, அவரா பேராசைக்காரர்? கொட்டகையைக் கூட்டி, குஞ்சு நோயில் விழுந்தால் பதறி ஓடினாரே, அவரா சோம்பேறி? கம்பெனித் தீவனம் நின்று பறவைகள் பட்டினி கிடந்தபோது, கால்நடைத் துறை வந்து இரை போட வேண்டியதாயிற்று. அந்தப் பறவைகளுக்கு இரங்கிய ஊர், அவற்றை வளர்த்தவனுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை.

ஏமாற்றியவனுக்கோ மாலை மரியாதை. "தாஜ்மகாலையே விற்றவன்" என்று பீகார் நட்வர்லாலைப் பற்றி வாய் பிளந்து பேசுகிறோம். போலி டிராஃப்ட் கொடுத்துக் கடைக்காரர்களை மொட்டையடித்த ஆள் அவர். டிராஃப்டை நம்பிச் சரக்குக் கொடுத்த கடைக்காரருக்கு என்ன பேராசை? அசல் விலைக்கு அசல் சரக்கைத்தானே விற்றார்! நம் சினிமாவும் மோசடிக்காரனுக்குக் கூலிங் கிளாஸ் மாட்டி, பின்னணி இசை போட்டு நடக்க விடுகிறது. ஏமாந்தவனைக் கோமாளியாக்கிக் கைதட்டல் வாங்குகிறது.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? எங்கள் ஊர்க் கருப்பட்டியைப் பாருங்கள். பனையேறி பதநீர் இறக்கி, மணிக்கணக்காகக் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி எடுக்கிற சரக்கு அது. சீனியைக் கலந்து காய்ச்சி, அதற்கும் உடன்குடிப் பெயரை ஒட்டி விற்கிறார்கள். முழு விலை கொடுத்து வாங்குகிறவர் ஏமாறுகிறார். கலப்படம் செய்யாத பனையேறிக்கு விலை கிடைப்பதில்லை. இந்த இரண்டு பேரில் யார் பேராசை பிடித்தவர்? அந்த டீக்கடைப் பெரியவர் சொல்லட்டும்.

மோசடிக்காரனுக்கு வக்கீலே வேண்டாம். நம் வாயே போதும். "உன் பேராசைதானே" என்று ஊர் சிரிக்குமே என்று பயந்து, ஏமாந்தவர் புருஷனிடம்கூடச் சொல்லாமல் மறைக்கிறார். அவர் வாயை மூடிக்கொண்டிருக்கும் மாதங்களில் அவன் நிலத்தை விற்கிறான், பணத்தை மாற்றுகிறான். தொண்ணூறுகளில் பைனான்ஸ் கம்பெனிகள் வரிசையாக மூழ்கிய பிறகுதான், மோசடி நிறுவனங்களின் சொத்தை முடக்கி முதலீட்டாளர்களுக்குத் திருப்பித் தர 1997இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. புகாரே வராவிட்டால் அந்தச் சட்டம் யாருக்காக?

பழமொழி சொல்கிற நேரத்தில் அந்தப் பெண்ணோடு போலீஸ் ஸ்டேஷனுக்கு நாலு பேர் துணைக்குப் போங்கள். சீட்டு அட்டையை மேசையில் வைத்து, புகார் ரசீது கையில் வாங்கும்வரை அங்கிருந்து நகராதீர்கள். ஓடிப்போனவன் பயப்படுவது அதற்கு மட்டும்தான்.